ஒன்றரை அடிக் கடல்

நான் தீவுக்காரன் என்று சொன்னவுடன் கொழும்பில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: நன்றாக நீந்துவீர்களா? எனக்கு நீந்தத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது. அவருடைய அப்பா கடலில் கால் நனைத்ததைக் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை. வேலணையில் எங்கள் வளவு மேற்கே போய்க் கடற்கரை மணலில்தான் முடிகிறது. ஆனாலும் எங்கள் வீட்டாருக்குக் கடல் என்பது தோட்டம் முடிகிற இடம், அவ்வளவுதான். வெங்காயமும் புகையிலையும் விளையாத ஒன்றைப் பற்றிப் பேச அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. எங்கேயாவது தோணியில் போக வேண்டி வந்தால் நடுவில் குடையைப் பிடித்தபடி இருப்பார்கள். தள்ளுவதும் வலிப்பதும் நனைவதும் வேறு ஆட்களின் வேலை. இறங்கும்போது மட்டும், தோணியை எப்படிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று தோணிக்காரருக்கே புத்தி சொல்லிவிட்டு இறங்குவார்கள்.

இந்தப் பரம்பரையில் வந்த நான், காணி அலுவலகத்தில் லிகிதராக இருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் ஒரு வள்ளம் வாங்கினேன்.

குற்றம் என் கைத்தொலைபேசியுடையது. அதில் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் வருவார். கூடவே ஒரு படகும், ஒரு பெண்சாதியும், ஒரு பூனையும் வரும். மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்த அமைதியான கடலில் மெதுவாகச் சுற்றுவார். பிடித்த இடம் வந்ததும் நங்கூரத்தைப் போடுவார். பிறகு காலை நீட்டிக்கொண்டு எதையோ குடிப்பார். அதற்குமேல் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. நான் வாசலில் இருந்து மேற்கே பார்த்தேன். மூன்று பக்கமும் நிலம். அமைதியான கடல். ஒரு வள்ளம் வாங்கினால், அவரிடம் இருந்த எல்லாம் என்னிடமும் இருக்கும். பூனை மட்டும் இல்லை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"இஞ்சருங்கோ," என்றாள் மனைவி. "கிணத்தை எட்டிப் பாக்கவே பயப்பிடுற ஆளுக்கு வள்ளம் என்னத்துக்கு?"

பெரிய காரியங்களைத் தொடங்குகிறவர்கள் வீட்டில் பதில் சொல்லிக்கொண்டு இருப்பதில்லை என்று அப்போது எனக்கு ஓர் எண்ணம்.

வள்ளத்தை விற்றவர் கரைப்பக்கத்தில் மீன் பிடிக்கிறவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'ஐயா' என்பார், நான் அவரை 'நீங்கள்' என்னாமல் 'நீர்' என்பேன். வீட்டுக்கு வந்தால் படியோடு நின்று கதைத்துவிட்டுப் போவார், கதிரையில் இருக்கமாட்டார். இருக்கச் சொல்லி எங்கள் வீட்டிலும் இரண்டு தலைமுறையாக யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவரிடம் போய்த்தான், கடலில் எப்படிப் போவது என்று கேட்க வேண்டி வந்தது. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

என் முதலாவது கடற்பயணம் காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. எட்டுப் பத்துக்கு நான் கடலுக்குள் நடந்துகொண்டிருந்தேன். புங்குடுதீவுக்கும் எங்களுக்கும் இடையில் கிடக்கிற கடல் அப்படி. பெரிய அலை கிடையாது, பார்க்க அழகு. ஆனால் எங்கே முழங்கால், எங்கே கழுத்து என்பது அதற்கும் அங்கே வலை கட்டுகிறவர்களுக்கும் மட்டும்தான் தெரியும். அடியில் புல்லாக வளர்ந்து கிடக்கிற சாதாளை எஞ்சினின் விசிறியில் சுற்றிக்கொண்டது. நான் இறங்கி அதைப் பிய்த்தேன். ஏறினேன். மறுபடி சுற்றியது. மறுபடி இறங்கினேன். நாலாம் தரம் ஏறுவதை விட்டுவிட்டு வள்ளத்தைக் கயிற்றில் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். தூரத்தில் பாலத்துத் தெருவால் நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற சனம் பஸ்ஸிலிருந்து கை காட்டியது. நானும், முழங்கால் தண்ணீரில், கப்பல் தலைவருக்கு உரிய நிதானத்தோடு கை காட்டினேன்.

பழகப் பழகத் திருந்தினேன். எந்தப் பக்கம் தண்ணீர் கறுத்துத் தெரிகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும் என்று கண்டுபிடித்தேன். மடக்குக் கதிரை ஒன்றை வள்ளத்தின் நடுவில் வைத்தேன். தேத்தண்ணிப் போத்தல், தொப்பி, நாலு கொம்பு வைத்த இரும்பு நங்கூரம், புதுக் கயிறு ஒரு சுருள். மெதுவாக வடக்கே போய், ஒரு வட்டம் அடித்து, திரும்பி வந்து எங்கள் வளவுக்கு நேரே நங்கூரம் போட்டுவிட்டுக் கதிரையில் சாய்வேன். நெஞ்சளவு தண்ணீர். கொக்குகள் நிற்கும். வெயில் சாயும். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அவ்வளவு பெரிய கடலில் ஏன் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு நேரேயே நங்கூரம் போட்டேன் என்று கேட்டால், அதற்கும் பொய் சொல்லக்கூடாது. அங்கே இருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு விறாந்தை நேராகத் தெரியும். அந்த விறாந்தையில் என் அண்ணர் இருப்பார். நான் கடலோடுவதை அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அந்த வெள்ளைக்காரர் உலகத்துக்குக் காட்டினார். எனக்கு ஓர் ஆள் போதும்.

அண்ணர் தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். கடையை மூடிவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து, அப்பா பிரித்துக் கொடுத்த வளவில், எனக்குத் தெற்குப் பக்கமாக வீடு கட்டினார். வந்த வருடமே எங்களுக்கு இடையில் இருந்த வேலியைப் பிரித்துப் புதுக் கதிகால் தடிகள் நட்டு அடைத்தார். அடைத்து முடிந்ததும் நான் நாடாவைக் கொண்டுபோய் அளந்தேன். ஒன்றரை அடி என் பக்கம் வந்திருந்தது. அவர் என்னுடைய நாடா பிழை என்றார். நான் அவருடைய கண் பிழை என்றேன். அந்த ஒன்றரை அடியில் எருக்கலையைத் தவிர வேறொன்றும் முளைத்ததில்லை. ஆனால் என் வேலைக்காலம் முழுவதும் ஊராரின் எல்லைச் சண்டைகளைக் கோப்பில் கட்டிக் கட்டி அடுக்கியவன் நான். எனக்கென்று ஒன்று வந்தபோது உள்ளுக்குள் ஒருவித திருப்திகூட இருந்தது. அன்றைக்கு ஒருவரோடொருவர் கதைப்பதை நிறுத்தினோம். ஒன்பது வருடம். அம்மாவின் செத்தவீட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொன்னோம். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் எனக்கு இருந்தது.

எங்கள் பக்கத்தில் கதைபேச்சு இல்லையென்றால் சத்தமே இல்லை என்று நினைக்கக்கூடாது. சொல்ல வேண்டியதை மற்றவருக்குக் கேட்கிறமாதிரி நாய்க்கோ மாட்டுக்கோ சொல்லுவோம். இது சண்டையின் ஒழுங்குக்கு உட்பட்டது. அண்ணரிடம் ஒரு மண்ணிற நாய் இருந்தது. என்னிடம் நாய் இல்லை, அதனால் நான் கிணற்றடித் தண்ணீர் மோட்டரோடு கதைப்பேன்.

"நாயே," என்பார் அவர் வேலிக்கு அங்கால் நின்று, கடைக்காரரின் பெரிய குரலில். "சில பேர் பென்சன் எடுத்தாப்போலை கப்பலோட்டி ஆயிட்டினமாம். கேள்விப்பட்டனியோ?"

"மோட்டரே," என்பேன் நான். "கடலையே திரும்பிப் பாராத ஆக்களுக்கு உது விளங்காது. நீ தண்ணியை இறை."

பெண்கள் எங்களைப்போல ஒழுங்கானவர்கள் இல்லை. என் மனைவியும் அண்ணியும் வேலியில் நாய் போய் வந்து உண்டான பொட்டுக்குள்ளால் கறிக்கிண்ணம் மாற்றுவார்கள், மணிக்கணக்காகக் கதைப்பார்கள். மாசி மாதத்தில் ஒரு நாள் அந்தப் பொட்டுக்குள்ளால்தான் செய்தியும் வந்தது.

"அவைக்கு விசா வந்திட்டுதாம்," என்றாள் மனைவி, எனக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டு. "வாற வெள்ளி ரெண்டு பேரும் கனடாவுக்குப் போகினம். மகளோடை இருக்க. இனித் திரும்பி வரமாட்டினமாம்."

"போகட்டும்," என்றேன்.

அவர் போனால் நான் யாருக்காகக் கதைக்காமல் இருப்பது? அதை நினைத்ததும் எனக்குப் பயமாக இருந்தது. கவலை என்று சொல்ல வெட்கப்பட்டு அன்றைக்கு அதைக் கோபம் என்று வைத்துக்கொண்டேன்.

"போய் ஒரு வார்த்தை கதையுங்கோவன்," என்றாள் அவள்.

"வேலியை ஆர் நகத்தினதோ அவை வந்து கதைக்கட்டும்."

"சரி, ரெண்டு பேரும் வேலியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடவுங்கோ," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

முதலில் கதைப்பவர் அந்த ஒன்றரை அடியை விட்டுக்கொடுத்தவர் ஆவார். இது எங்கேயும் எழுதப்படாத சட்டம், ஆனால் நான் பணியாற்றிய காணி அலுவலகத்தில் இருந்த எந்தச் சட்டத்தையும்விட உறுதியானது. ஆகவே அவர் போவதற்குள் கதைக்க வேண்டும் என்ற ஆசை என் தொண்டை வரை வந்து நின்றது. அவர்தான் முதலில் கதைக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கு மேலே ஏறி இருந்தது.

இந்த நிலையில் நான் செய்த வேலையைச் சொல்கிறேன். வேலியைக் கடலுக்குள் நீட்டினேன்.

உண்மையான வேலி இல்லை. அப்பா காலத்து எல்லை எதுவோ அந்தக் கோட்டில் கரையில் இரண்டு தடிகளை முன்னும் பின்னுமாக நட்டேன். வள்ளத்தில் இருந்து பார்க்கும்போது இரண்டு தடியும் ஒன்றாகத் தெரிந்தால் நான் எல்லைக் கோட்டில் நிற்கிறேன். முன் தடிக்கு வலப்பக்கம் பின் தடி தெரிந்தால் அண்ணரின் கடலுக்குள் போய்விட்டேன். அலுவலகத்து நில அளவையாளர்கள் தடி நட்டுப் பார்ப்பதை எத்தனையோ தரம் கண்டவன் நான். அந்த அறிவு ஒருநாள் கடலில் உதவும் என்று நினைத்திருக்கவில்லை.

ஆனால் நங்கூரம் போட்ட வள்ளம் கட்டிப்போட்ட மாடு இல்லை. காற்றடிக்கிற பக்கம் அது தன் பாட்டில் போய் நிற்கும். மாசி மாதத்தில் பின்னேரம் வடக்கே இருந்து காற்று வரும். கயிறு நீளமாக இருந்தால் வள்ளம் நேரே தெற்கே போய் அண்ணரின் கடலில் நிற்கும். அதற்கு மருந்து ஒன்றுதான்: கயிற்றைக் குறைத்தேன். தண்ணீர் நெஞ்சளவு என்றால் கயிறு தலையளவு. மிச்சச் சுருள் வள்ளத்தின் முன்பக்கத்தில் அப்படியே கிடந்தது.

வள்ளம் விற்றவர் ஒருநாள் தன் தோணியில் பக்கத்தால் போனவர் நின்றுவிட்டார்.

"ஐயா, கயிறு காணாது. தண்ணி ஒராள் உயரம் எண்டால் கயிறு அஞ்சாள் விடோணும். கயிறு படுத்துக் கிடந்தால்தான் நங்கூரம் பிடிக்கும். நிமிந்து நிண்டால் கழண்டிடும்."

"அது தெரியும்," என்றேன். தாடிக்காரரும் அதையேதான் சொல்லியிருந்தார். "ஆனால் அஞ்சாள் விட்டால் வள்ளம் அங்காலை போயிடுமே."

"எங்காலை?"

"அண்ணற்றை பக்கம்."

அவர் கடலைப் பார்த்தார். பிறகு இன்னும் கவனமாகப் பார்த்தார், வேலி ஏதாவது கண்ணில் படுகிறதா என்று. ஒன்றும் படவில்லைப்போல. "ஓம் ஐயா," என்று சொல்லிவிட்டுத் தோணியைத் தள்ளிக்கொண்டு போனார். பரம்பரை பரம்பரையாக நாங்கள் கடற்புத்தி சொல்லிக் கேட்டுப் பழகியவர், எங்களோடு வாதாடிப் பிரயோசனம் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அண்ணர் மட்டும் சும்மா இருந்தாரா? அடுத்த நாள் நான் வந்து பார்க்கிறேன், கடலுக்குள் ஒரு தடி நிற்கிறது. நுனியில் சிவப்புத் துணி. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தானே நட்டிருக்கிறார். நான் நாடாவோடு இறங்கினேன். என் கோட்டிலிருந்து சரியாக ஒன்றரை அடி, என் பக்கம். இன்னும் சில நாட்களில் நாட்டையே விட்டுப் போகிற மனிதர், ஒன்றரை அடிக் கடலையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் போகப்போகிறார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு சின்னச் சந்தோஷமும் வந்தது. விறாந்தையில் இருந்து அவர் என் வள்ளத்தைக் கவனமாகத்தான் பார்த்திருக்கிறார். கயிற்றை இன்னும் ஒரு முழம் குறைத்தேன்.

புதன்கிழமை. வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வள்ளத்தில் ஏறினேன். அன்றைக்குச் சுற்றவில்லை. நேரே போய், தடிகளைப் பார்த்து, நங்கூரத்தைப் போட்டு, கதிரையை விறாந்தைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு இருந்தேன். விறாந்தையில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணர் தூணோடு நின்றார், பக்கத்தில் நாய். அவர் ஏதாவது நாய்க்குச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நான் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டேன். அப்படியே நித்திரையாகிவிட்டேன்.

நான் நித்திரையாக இருக்கும்போது என்ன நடந்திருக்கும் என்பது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கடல் ஏறியது. காற்றும் ஏறியது. தலையளவுகூட இல்லாத கயிறு நிமிர்ந்து நின்றது, நங்கூரம் கழன்றது. மீனவரும் வெள்ளைக்காரரும் சொன்னது ஓர் எழுத்துப் பிசகாமல் நடந்தது.

"நாயே! ஏய், நாயே!"

அந்தக் குரலில்தான் முழித்தேன்.

"சில பேர் நித்திரை கொண்டுகொண்டே புங்குடுதீவுக்குப் போகினமடா, பாத்தியோ!"

சிவப்புத் துணித் தடி எனக்குப் பின்னால் எங்கேயோ நின்றது. கரை தள்ளிப் போயிருந்தது. தெற்கே, வரிசையாகத் தடி நட்டுக் கட்டியிருக்கிற வலைகள் தெரிந்தன, அதற்கப்பால் பாலத்துத் தெருவின் கல்லுகள். வள்ளம் அவற்றைப் பார்த்து ஒரு அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் எஞ்சினுக்குப் பாய்ந்தேன். அதைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தேன், இருமியது. மறுபடி இழுத்தேன், இருமவும் இல்லை.

அண்ணர் கரையோரமாக என்னோடு கூடவே தெற்கே நடந்துகொண்டிருந்தார். நாய் பின்னால் வந்தது.

"நாயே, வள்ளத்துக்கு முன்னாலை ஒரு சுருள் கயிறு கிடக்கெல்லே? அதென்ன, வடிவு பாக்கவோ?"

அது சரியான புத்தி. ஆனால் நாய்க்குச் சொன்ன புத்தியை நான் எப்படிக் கேட்பது? ஒன்பது வருடத்து ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதே. "எஞ்சினே," என்று கத்தினேன், "கண்ட கண்ட கதையளைக் கேளாதை. நீ கெதியா ஸ்டார்ட் வா!"

"நாயே, உது ஸ்டார்ட் வராது! சாதாளை சுத்திக் கிடக்கு, இஞ்சையிருந்தே தெரியுது!"

"எஞ்சினே, மானத்தை வாங்காதை!"

இரண்டு கிழட்டு மனிதர்கள், ஒருவர் நாயோடும் ஒருவர் எஞ்சினோடும், பட்டப்பகலில். கொக்குகள் எழும்பிப் போய்விட்டன. அண்ணர் இப்போது கடலுக்குள் இறங்கிவிட்டார். முழங்கால். இடுப்பு. நாய் இடுப்பளவுக்கு வருவதற்கு முன்னமே புத்தியோடு கரைக்குத் திரும்பிவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் நின்று, அங்கே இல்லாத நாயைப் பார்த்துக் கையை வீசி வீசிக் கயிற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கும் நீந்தத் தெரியாது. ஒரே அப்பாவின் பிள்ளைகள்.

பிறகு அவர் காணாமல் போனார். தொப்பென்று ஒரு பள்ளத்துக்குள் கால் வைத்திருக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் நின்றது. நான் எஞ்சினை விட்டேன். ஒரு கணம்தான், தலை வெளியே வந்தது, இருமிக்கொண்டு.

"தம்பீ! கயிறை விடடா! கயிறை முழுக்க விடடா, மடையா!"

"அண்ணை! இஞ்சாலை வராதேங்கோ! ஆழம்! நில்லுங்கோ!"

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

நான் முன்பக்கம் ஓடிச் சுருளை அப்படியே தூக்கிக் கடலில் போட்டேன். கயிறு ஓடியது. நீண்டு, படுத்து, இறுகியது. நங்கூரம் அடியில் எங்கேயோ கடித்துக்கொண்டது. வள்ளம் குலுங்கி, மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, நின்றது. நின்ற இடம் முழுக்க முழுக்க அண்ணரின் கடல். தடியைப் பார்க்கத் தேவையே இல்லை.

அவர் மெதுவாக, அடி அடியாகக் கால் வைத்துப் பார்த்து வந்து விளிம்பைப் பிடித்தார். நான் இரண்டு கையாலும் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். சாரம் தடுக்கி, இரண்டு பேரும் வள்ளத்துக்குள் விழுந்தோம். கதிரை ஒன்றுதான் இருந்தது. அவரை அதில் இருத்தினேன். போத்தலில் தேத்தண்ணி இன்னும் சூடாக இருந்தது. கோப்பையில் ஊற்றியதில் பாதி வெளியே சிந்தியது. நான் அழுதேன். அதை எழுத எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

"சீனி காணாது," என்றார் அவர்.

"எனக்குச் சலரோகம், அண்ணை."

"எப்பையிருந்து?"

"நாலு வருசம்."

"எனக்கு ஏழு," என்றார் அவர். "என்ரை பக்கம் நிக்குது உன்ரை வள்ளம்."

"ஓம்."

"நிக்கட்டும்."

"அப்ப வேலி?" என்றேன். ஆசை யாரை விட்டது?

"வேலி வேலிதான்," என்றார் அண்ணர், கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக்கொண்டு. கரையில் நாய் எங்களைப் பார்த்துக் குரைத்தது. இத்தனை வருடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆள் அது.

வியாழன் முழுக்க அவர் எங்கள் வீட்டில் இருந்தார். ஒன்பது வருடக் கதையை ஒரு நாளில் கதைத்து முடிக்க ஏலாது. அதில் பாதி நேரத்தை யார் முதலில் கதைத்தது என்ற விவாதத்தில் போக்கினோம். 'தம்பி' என்று தான் கூப்பிட்டது நான் 'அண்ணை' என்று கத்திய பிறகுதான் என்கிறார். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சாட்சி நாய் மட்டும்தான், அதுவும் அவருடைய ஆள். வெள்ளிக்கிழமை அவர்களை ஏற்றிப்போக வான் வந்தது. வீட்டைப் பூட்டினார்கள். நாயை என்னிடம் விட்டார்கள்.

வள்ளம் விற்றவர் அடுத்த கிழமை வந்து படியோடு நின்றார். கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன். சந்தேகத்தோடு விளிம்பில் இருந்தார். கயிறு எத்தனை ஆள் நீளம் என்று இன்னொரு தரம் சொல்லித் தரச் சொன்னேன். சொன்னார். இந்தமுறை நான் 'அது தெரியும்' என்று சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் எனக்குப் பின்னேரம் ஆகும்போது, அங்கே விடிந்தவுடன், அண்ணர் வீடியோவில் அழைப்பு எடுக்கிறார். எடுத்தவுடன் முதல் வேலை, "கமராவை வேலிப் பக்கம் திருப்பு." திருப்புவேன். கதிகால் ஒவ்வொன்றாகப் பார்ப்பார், ஏதாவது நகர்ந்திருக்கிறதா என்று. பிறகு யார் முதலில் கதைத்தது. பிறகு சீனி எவ்வளவு. அங்கே எப்படி என்று நான் கேட்டால், "நல்லா இருக்கிறம், ஒரு குறையுமில்லை," என்பார், கடையில் சாமான் வாங்க வந்தவருக்குச் சொல்லுகிற அதே குரலில்.

போன கிழமை எடுத்தவர் வேலியைக் கேட்கவில்லை.

"நாயைக் கூப்பிடு," என்றார்.

நாய் வந்தது. அதன் மூக்குக்குக் கிட்டத் தொலைபேசியைப் பிடித்தேன். திரையில் அவர் தொப்பி போட்டு, கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, ஒரு சன்னலுக்கு முன்னால் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நாயே," என்றார். "இஞ்சை வெளியாலை பாத்தால் எல்லாம் வெள்ளை. மகளும் மருமகனும் விடிய வெள்ளாப்போடை வேலைக்குப் போயிடுவினம். ஒருத்தரோடையும் கதைக்க ஏலாது. இஞ்சை ஒரு வேலியும் இல்லை, நாயே. நான் வந்திருக்கக் கூடாது."

நாய் தொலைபேசியை மணந்து பார்த்தது. அவர் எனக்குச் சொல்லவில்லை, ஆகவே நானும் அவருக்குப் பதில் சொல்லக்கூடாது. அந்த ஒழுங்கை இந்த ஒருமுறை அவருக்காகக் காப்பாற்றினேன்.

"நாயே," என்றேன், அதன் தலையைத் தடவிக்கொண்டு. "சிவப்புத் துணி வெயிலுக்கு வெளிறிப் போச்சு. நான் புதுசு கட்டியிருக்கிறன். தடி அதே இடத்திலைதான். வள்ளத்துக்குக் கயிறு அஞ்சாள் விட்டிருக்கிறன், அது காத்துக்குப் போய் அவரின்ரை பக்கம்தான் நிக்குது. இப்ப ரெண்டு கதிரை போட்டிருக்கு. சொல்லிவிடு."

திரையில் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி," என்றார். "வேலியை விடு. கடலைக் காட்டு."